இரண்டே பேர் படுக்கும் கேரவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி இருக்கையில், என் கணவர் ஒரு கேரவனின் மூக்கில் வயிற்றை வைத்துக் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தார்.

கால் நிலத்தில் படவில்லை. ஒரு செருப்பு கழன்று கீழே கிடந்தது. எங்கள் ஊரான பிளேஸ்டோவில் அந்த நேரம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டடியில் நின்று பார்த்தார். ஏதாவது கேட்கவேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். கேட்கவில்லை. 'குட் மோர்னிங்' என்றார். இவரும் தொங்கியபடியே 'குட் மோர்னிங்' என்றார்.

கேரவனுக்குள் ஏழு பேர். நான் உட்பட, இவருடைய அக்கா பெரிய மச்சாள் உட்பட. ஒரு பால்பானையும் இருந்தது. பால் மட்டும் இல்லை. அது எங்கே போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக விடுமுறைக்குப் போனது எங்கே? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

டொரொண்டோவா? அது சித்தப்பா வீடு. பாரிஸா? அது ஒன்றுவிட்ட தங்கச்சி வீடு. ஜெர்மனி? அது ஒரு கல்யாணம். சுவிஸுக்குப் போய் மலை பார்த்தேன் என்கிறீர்களா... மலையை யார் வீட்டுக் குசினி ஜன்னலால் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்துமூன்று வருடங்கள். இத்தனை வருடத்தில் நானும் இவரும் தனியாக ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு சோபா. அந்தச் சோபாவுக்கு எதிரே ஒரு டிவி. அந்த டிவிக்கு முன்னால் நள்ளிரவு வரை ஒரு மாமா. 'நீங்கள் படுங்கோ, நான் சத்தத்தைக் குறைக்கிறன்' என்பார். நாங்கள் படுப்பது அவருடைய காலடியில்.

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான் ஒரு முடிவு எடுத்தேன். நான்கு நாள். கடற்கரை. நானும் இவரும். வேறு ஒருவரும் இல்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இவரைப் பற்றி வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். இவர் பஸ் டிரைவர். பஸ் நிரம்பினால் கதவைச் சாத்தி, 'அடுத்ததில் வாருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மழையில் நிற்பவர் கண்ணாடியைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றினால் அந்தக் கதவு பூட்டாது. யார் எதைக் கேட்டாலும் 'ஓம்'. அதிலும் அக்கா கேட்டால், கேட்டு முடிக்கமுன்னரே 'ஓம்'.

ஆகவேதான் ஹோட்டல் வேண்டாம் என்று நினைத்தேன். ஹோட்டலில் பக்கத்து அறை காலியாக இருக்கும். எனக்கு வேண்டியது பக்கத்து அறையே இல்லாத ஓர் இடம்.

மாசி மாதம் எசெக்ஸ் பக்கம் ஓர் ஆங்கிலேயக் கிழவர் தன் பழைய கேரவனை விற்பதாக விளம்பரம் பார்த்தேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வண்டி. பத்தடி நீளம். என்னைவிட இரண்டு வயது மூப்பு. கிழவர் கதவைத் திறந்து காட்டி, ஏதோ குற்றம் செய்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். இதில் இரண்டு பேர்தான் படுக்கலாம், பரவாயில்லையா என்று கேட்டார்.

நான் அவரைக் கட்டிப்பிடிக்காததற்குக் காரணம் குளிர்தான்.

வண்டியை நிறுத்த எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இடமில்லை. தெருமூலையில் இருக்கும் அன்ரன் அண்ணை தன் வீட்டுப் பக்கத்து முற்றத்தைத் தந்தார். அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். லொறி திருத்துகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குப் போவதையும் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விடுவதையும் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. அதனால் என் வேலை முழுவதையும் ஒரு கதிரையைப் போட்டுக் குந்தியிருந்து மேற்பார்வை செய்தார்.

வேலை என்றால் சும்மா வேலையா? முதல் நாளே பின்சுவரை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் மாதிரி ஐம்பது வருட ஈரம். அன்ரன் அண்ணை எழுந்து வந்து பார்த்து, 'தங்கச்சி, இது வண்டி இல்லை. வோல்பேப்பர் மட்டும்தான் நிக்குது' என்றார்.

நான் பயப்படவில்லை. யூடியூப் இருக்கப் பயமேன்? நான் ஒரு பல் வைத்தியரின் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புவதை இருபது வருடமாகப் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறவள். சுவரும் அப்படித்தான் என்று தொடங்கினேன். ஊறியதை எல்லாம் வெட்டி எடுத்தேன். புது மரச்சட்டம் வைத்தேன். பிளைவுட் அடித்தேன். ஜன்னல் விளிம்பெல்லாம் சீலண்ட் பூசினேன். கையில் ஒட்டியது இரண்டு வாரம் போகவில்லை. ஆயுளில் முதல் தடவையாக நான் பூசிய ஒன்று மழையைத் தடுத்தது.

இருக்கைக்கு ஸ்பொஞ்ச் வெட்ட மின்சாரப் பாண்கத்தி நல்லது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மைதான். பட்டர் மாதிரிப் போனது. கூரையில் காற்று போக ஒரு சின்னக் கதவு. சுவரில் பாட்டரி விளக்கு. பின்பக்கம் குசினி: ஒரு அடுப்பு, ஒரு சிங்க், அதற்கு மேலே வெளியே தள்ளித் திறக்கும் அகலமான ஜன்னல். ஜன்னலுக்குக் கர்டின் தைக்கத் துணி வேண்டும். அலுமாரியில் ஒரு சேலை கிடந்தது. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறக் கரை. பெரிய மச்சாள் ஒரு பிறந்தநாளுக்குத் தந்தது. ஒருநாளும் உடுத்தவில்லை. கர்டினாக அது நன்றாகவே இருந்தது.

இவரும் மாலையில் ஷிப்ட் முடிந்து வந்து உதவுவார். பிடி என்றால் பிடிப்பார். விடு என்றால் விடுவார். சந்தோசமான நாட்கள். சீலண்ட் மணக்க மணக்க இரண்டு பேரும் அந்தப் பத்தடிக்குள் இருந்து பாண் சாப்பிட்டோம்.

இனி பெரிய மச்சாளைப் பற்றி. இவருடைய மூத்த அக்கா. எங்களிடமிருந்து காரில் முக்கால் மணியில் போகிற எட்மண்டனில் இருக்கிறா. நல்ல மனுசி. மகள் பிறந்தபோது நாற்பத்தொரு நாள் எங்கள் வீட்டில் நின்று எனக்கு மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குத்தண்ணி காய்ச்சித் தந்தவ. அதை நான் மறக்கமாட்டேன். மறந்தாலும் அவ விடமாட்டா. இந்தப் பத்தியை ஒவ்வொரு வாரமும் வாசிப்பா. ஏதாவது பிழை இருந்தால் திங்கட்கிழமை காலையில் போன் வரும்.

சித்திரையில் ஒருநாள் வண்டியைப் பார்க்க வந்தா. வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே விட்டு இரண்டு பக்கமும் பார்த்தா.

'இதுக்குள்ள எத்தினை பேர் படுக்கலாம்?'

'ரெண்டு பேர், மச்சாள்.'

'அப்ப நாங்கள்?'

என் வாய்க்கு வந்த பதில் ஒன்றும் இங்கே எழுதக்கூடியதாக இல்லை.

'நீங்கள் ரெண்டு பேரும் தனியப் போய் என்ன செய்யப் போறியள்?'

'ஒண்டும் செய்யாம இருக்கப் போறம்.'

'ஒண்டும் செய்யாம இருக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? எட்மண்டனுக்கு வாங்கோவன்.'

கவனித்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் 'தனிய' என்ற சொல்லை ஒருநாளும் சந்தோசமான குரலில் சொல்வதில்லை. 'பாவம், தனிய இருக்கிறா.' 'ஐயோ, தனியவோ வந்தனீங்கள்?' ஒருவர் தனியாகக் கோப்பி குடித்தால் உடனே பக்கத்தில் போய் இருந்து, என்ன பிரச்சினை என்று கேட்போம். இரண்டு பேர் தனியாக இருந்தால் பிரச்சினை இரண்டு மடங்கு என்று நினைப்போம்.

அடுத்த வாரம் நான் முற்றத்துக்குப் போனபோது இவர் கேரவனின் முன்பக்க இருக்கைக்கு மேலே ஒரு பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பிணைச்சல் எல்லாம் வைத்து, மடித்தால் சுவரோடு ஒட்டும்படி. அவருக்கு இப்படி ஒரு கைவேலை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

'இது என்னப்பா?'

'ஷெல்ஃப்.'

'ஆறடி நீளத்திலயோ?'

'சாமான் வைக்க.'

'என்ன சாமான்?'

அடுத்த ஸ்க்ரூவை எடுத்தார். 'அக்கா கேட்டவ' என்றார்.

அன்றிரவு நான் அவரோடு கதைக்கவில்லை. மறுநாள் காலையும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், 'நீர் ஏன் கோவிக்கிறீர்? நாலு நாள்தானே, அவவும் பாவம்' என்றார். நாலு நாள்தானே. என்னிடம் இருந்ததே அந்த நாலு நாள்தானே.

அதோடு விட்டாவா மச்சாள்? அடுத்த போன்.

'பால் காய்ச்சிட்டியளோ?'

'எதுக்கு மச்சாள்?'

'படுத்து எழும்புற இடம் எண்டா அது வீடு. குடிபூராம உள்ளுக்க படுக்கப்படாது.'

குடிபூரல் என்றால் புதுமனைப் புகுவிழா. பத்தடி வண்டிக்கு. இவர் மெல்ல, 'அக்கா, சக்கரம் இருக்கிறபடியா அது வாகனம். எலுமிச்சம்பழம் வைச்சாக் காணும்தானே' என்று கேட்டுப் பார்த்தார். மச்சாள் யோசித்தா. 'அப்ப ரெண்டையும் செய்வம்' என்றா.

வீட்டு ஆட்கள் மட்டும் என்று தீர்மானமானது. போன ஞாயிறு வந்தது. வீட்டு ஆட்கள் முப்பத்தொரு பேரும் வந்தார்கள்.

அன்பளிப்புகளும் வந்தன. குடிபூரலுக்கு எங்கள் ஆட்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுவர்க்கடிகாரம். ஐந்து. அதில் ஒன்று மணிக்கு ஒருதரம் பாடும். கேரவனின் எந்தச் சுவரில் அதை மாட்டினாலும் ஒரு ஜன்னல் மறையும். ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்த இவருடைய சித்தி பதினைந்து பேருக்குச் சமைக்கிற பிரஷர் குக்கர் கொண்டுவந்தா. 'புது வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாது' என்றா. நியாயம்தான்.

முதலில் எலுமிச்சம்பழம். இரண்டு பெரிய சக்கரத்துக்கு இரண்டு. சரி. ஆனால் கேரவனின் மூக்கடியில், அதாவது காரில் கொழுவுகிற முன் இரும்படியில், கொழுவாதபோது தாங்கி நிற்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதே... அதற்கு உண்டா இல்லையா? முற்றத்தில் இரண்டு கட்சி. அது சக்கரம்தான் என்றது ஒன்று. அது வெறும் முட்டுக்கொடுக்கிற முண்டு என்றது மற்றது. இருபது நிமிடம் போனது. கடைசியில் அரை எலுமிச்சம்பழம் வைப்பது என்று முடிவானது. அன்ரன் அண்ணை தன் பங்குக்கு வீட்டுக்குள் போய் லூர்து கோயில் தீர்த்தப் போத்தலை எடுத்துவந்து மூன்று சக்கரத்துக்கும் சமமாகத் தெளித்தார்.

அடுத்தது பால். அது பொங்கிக் கிழக்கே வழிய வேண்டும். கிழக்கே வழிந்தால் வாழ்வு. மேற்கே வழிந்தால் மச்சாளின் முகத்தைப் பார்க்க ஏலாது.

வண்டியின் பின்பக்கம், அதாவது குசினிப் பக்கம், நேர் கிழக்கு. அதுவரை நல்லது. ஆனால் மச்சாள் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் திசைகாட்டி பார்த்தா. பிறகு அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக் குனிந்து பார்த்தா. அன்ரன் அண்ணையின் முற்றம் தெருப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. தண்ணீர் மேற்கே சாய்ந்து நின்றது.

'தம்பி, இது சரிவராது' என்றா.

இங்கே வண்டியின் அமைப்பைச் சொல்லவேண்டும். நிற்கிற இடத்தில் ஆடாமல் இருக்க, நாலு மூலையிலும் நாலு இரும்புக் கால்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் இறங்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறும். சக்கரம் இரண்டும் நடுவில். ஆக, இந்தக் கால்கள் இல்லையென்றால் முழு வண்டியும் பார்க்கில் சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற சீசோதான்.

அன்ரன் அண்ணை கதிரையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். 'மூக்குச் சக்கரத்தை நான் கொஞ்சம் உயர்த்திறன். தங்கச்சி, நீங்கள் பின்கால் ரெண்டையும் மூண்டு சுத்து ஏத்தினாக் காணும். பின்பக்கம் ஒரு விரல் பதியும். பால் தானாக் கிழக்க போகும்.'

சகுனத்தை ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்துச் சரிசெய்கிற இனம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். சுற்றினேன். திரும்பி வந்தேன்.

பத்து மணி ஐந்து நிமிடம். நான் வீட்டுக்காரி என்பதால் அடுப்பு என்னுடையது. புதுப் பானை. கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும். எனக்குப் பின்னால் மச்சாள். அவவுக்குப் பின்னால் சித்தி. சித்திக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஒரு பக்கத்துச் சுவருக்கும் மறுபக்கத்துச் சுவருக்கும் இடையில் ஆறடிதான். இவர் இடமில்லாமல் வெளியே நின்றார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

பால் சூடாகிக்கொண்டிருந்தபோது மச்சாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தா.

'வசந்தி, இந்தக் கர்டின் எங்கேயோ கண்ட மாதிரிக் கிடக்கு.'

நான் பானையைப் பார்த்தேன்.

'கத்தரிப்பூக் கரை...'

'பால் பொங்கப் போகுது மச்சாள்' என்றேன்.

அது வேலை செய்தது. அளவுக்கு அதிகமாகவே வேலை செய்தது. 'பொங்குதாம்' என்று சித்தி பின்னால் சொன்னா. அவ்வளவுதான். நடுவில் நின்றவர்கள், கதவடியில் நின்றவர்கள், எல்லோரும் பார்க்கவேண்டுமே... ஒரே நேரத்தில் ஆறு பேரும் பின்பக்கமாக ஓரடி வைத்தார்கள்.

முதலில் ஒரு முனகல் சத்தம். ஐம்பது வருட இரும்பு யோசிக்கிற சத்தம். பிறகு அடுப்பு என் வயிற்றை நோக்கி வராமல், நான் அடுப்பை நோக்கிப் போனேன். தரை சரிந்தது. 'டங்' என்று பின்பக்கம் நிலத்தில் குந்தியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

பானை அடுப்பிலிருந்து வழுக்கி, சிங்கின் விளிம்பில் இடித்து, தலை குத்தியது. மேலே ஜன்னல் திறந்திருந்தது. பொங்கி வந்த பால் முழுவதும் மாம்பழ மஞ்சள் கர்டினை நனைத்துக்கொண்டு ஜன்னலால் வெளியே போய் அன்ரன் அண்ணையின் ரோசாச் செடிகளில் விழுந்தது. ஒருவர் மேலும் ஒரு துளி படவில்லை. நான் கையை நீட்டி அடுப்பை அணைத்தேன். வெளியே அன்ரன் அண்ணை காஸ் சிலிண்டரை மூடினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டொரொண்டோவில் கதை வேறு மாதிரி உலாவுகிறது.

'ஒருத்தரும் அசைய வேண்டாம்' என்று அன்ரன் அண்ணை வெளியே இருந்து கத்தினார். 'பின்னுக்கு நிக்கிறவை முதல்ல முன்னுக்கு ஏறி வாங்கோ. முன்னுக்கு நிக்கிறவை இறங்க வேண்டாம். இறங்கினா இன்னும் சரியும்.'

விளங்குகிற விசயம்தான். ஆனால் அடுப்படியில் என்னோடு பின்னுக்கு நிற்பது யார்? மச்சாள். அவ முன்னுக்கு வருவதென்றால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்க இடமில்லை. அப்படியென்றால் மற்றவர்கள் தாங்கள் ஒவ்வோரடி முன்னுக்கு ஏறினால் போதும். அதைச் செய்தார்களா? மூத்தவ பின்னுக்கு நிற்க, நாங்கள் எப்படி முன்னுக்குப் போவது?

'நீங்கள் முதல் போங்கோ மாமி.'

'இல்லைப் பிள்ளை, நீ போ.'

'ஐயோ, நீங்கள் நிக்க நான் எப்பிடி...'

பதினைந்து பாகை சரிவில், காலுக்குக் கீழே ஐந்து கடிகாரமும் ஒரு பிரஷர் குக்கரும் உருண்டுகொண்டிருக்க, மரியாதை நடந்துகொண்டிருந்தது. பாடுகிற கடிகாரம் தன்பாட்டில் பாடத் தொடங்கியது.

'தம்பி' என்றார் அன்ரன் அண்ணை இவரைப் பார்த்து, 'மூக்கில ஏறித் தொங்கு. பாரம் காணுமோ எண்டு பாப்பம்.'

இவர் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அது இவர் இல்லை. ஓடிப்போய்த் துள்ளி, கேரவனின் மூக்கில் வயிற்றை வைத்துக் குறுக்கே விழுந்தார். பாரம் போதவில்லை. வண்டி அசையவே இல்லை. முற்றத்தில் நின்ற இருபத்துச்சொச்சம் பேரில் ஒருவராவது கூடத் தொங்கினார்களா? எல்லோருடைய கையிலும் போன். வீடியோ எடுக்கிறவர் எப்படித் தொங்குவார்?

இப்படியே பதினொரு நிமிடம். முன்பக்க ஜன்னல் மேலே, அதற்கு வெளியே இவருடைய முகம் தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஏழு பேர், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அதற்கு மேலே அவர் பூட்டிய ஆறடிப் பலகை மடிப்பு விட்டுத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. நானும் அவரும் கண்ணாடிக்கு ஊடாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். கல்யாண வீட்டிலிருந்து இன்றுவரை நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருபத்துமூன்று வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் தனிமை அதுதான் என்று நினைக்கிறேன், இடையில் ஐந்தாறு பேர் நின்றாலும்.

கடைசியில் மரியாதையை முடித்துவைத்தது சித்திதான். 'என்ர முழங்கால் ஏலாது, நான் போறன்' என்று சொல்லி ஸ்பொஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு ஏறினா. மற்றவர்களும் பின்னாலே ஏறினார்கள். மூக்கு மெல்ல இறங்கியது. இவருடைய கால் நிலத்தில் பட்டது. அன்ரன் அண்ணை ஒரு செங்கல்லைப் பின்னால் சொருகினார். ஒவ்வொருவராக இறங்கினோம்.

மச்சாள் கடைசியாக இறங்கினா. கொண்டை அவிழ்ந்திருந்தது. கையில் பால்பானை, வெறுமையாக. அதை விடவே இல்லை. எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தா. பிறகு எழுந்து வண்டிக்குப் பின்னால் போய் ரோசாச் செடிகளைப் பார்த்தா. போனை எடுத்துத் திசைகாட்டியையும் பார்த்தா.

'நேர் கிழக்கு' என்றா. 'ஒரு சொட்டும் அங்கால இஞ்சால போகேல்லை.'

உண்மைதான். எங்கள் பரம்பரையில் இவ்வளவு கிழக்கே ஒரு பாலும் வழிந்திருக்காது.

'அப்ப குறை ஒண்டும் இல்லை. பின்பக்கத்துக்கு ரெண்டு செங்கல் கொண்டு போனாச் சரி. பலகையும் இருக்குத்தானே தம்பி. வெள்ளிக்கிழமை நீங்கள் வெளிக்கிடேக்க நானும் வாறன்.'

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அந்த 'ஓம்' வருகிறபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தரையில் கிடந்த அரை எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவருடைய சேர்ட்டில், வயிற்றுக்கு நேரே, கேரவன் மூக்கின் கிறீஸ் வட்டமாக ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. பிறகு ஒரு குரலில் சொன்னார். வீட்டில் நான் ஒருநாளும் கேட்காத குரல். ரோட்டில், மழையில், ஸ்டாப்பில் நின்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

'அக்கா, வண்டி நிரம்பிட்டுது. அடுத்ததில வாங்கோ.'

மச்சாள் அவரைப் பார்த்தா. கோபம் என்று சொல்லமுடியாது. தம்பியை முதல் தடவையாகச் சீருடையில் பார்ப்பவ மாதிரி இருந்தது.

'அடுத்தது எப்ப?'

'தெரியாது அக்கா' என்றார். அதையும் அதே குரலில்.

ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். பலகை கழலுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஸ்க்ரூவாக... எட்டு. எனக்கு அழுகை வந்தது. பால் கருகிய புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்பு அணைத்து அரை மணியாயிற்று என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

உடைந்தது ஒரு பின்விளக்கு மட்டும். வியாழக்கிழமை நானே மாற்றினேன். பலகை இப்போது அன்ரன் அண்ணையின் வீட்டில் சாமான் வைக்கிற ஷெல்ஃபாக இருக்கிறது. நனைந்த கர்டினைத் தோய்த்துக் காயப்போட்டேன். மச்சாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, 'சேலையா உடுத்திறதை விட இதுக்கு வடிவாத்தான் இருக்கு' என்றா. அவ நல்ல மனுசி என்று மேலே எழுதியது சும்மா இல்லை.

இவருக்கு மட்டும் ஒரு கவலை. பின்கால்களைச் சரிபார்க்காமல் ஆட்களை ஏற்றியது தன் பிழை, டிரைவர் தான்தானே என்று ஐந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்ரன் அண்ணையும் கதிரையில் இருந்து விரலை மடித்து மடித்துக் கணக்குப் பார்க்கிறார். 'மூண்டு சுத்துக்கு இப்பிடிச் சரியாதே. காலே நிலத்தில முட்டிப் பிடிச்சிருக்குமே' என்கிறார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி மூக்கைத் தூக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே ஏறினால் கொஞ்சம் ஆடட்டும், ஒரு ஆளுக்காவது பயம் வரட்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் என் கெட்டித்தனம்.

நீங்கள் இதை வாசிக்கும்போது நாங்கள் கடற்கரையில் இருப்போம். இரண்டு தட்டு, இரண்டு கப், இரண்டு தலையணை. மச்சாள், நாளைக்குத் திங்கட்கிழமை, போன் எடுக்க வேண்டாம். அங்கே சிக்னல் இல்லை.

அன்ரன் அண்ணை மூன்று சுற்று என்றுதான் சொன்னார். நானும் எண்ணிக்கொண்டுதான் சுற்றினேன் — பதினாலு.